அடுக்கு நகரமும் தட்டை வரைபடமும்

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் படகைவிட்டு இறங்கும் ஒருவர், தார்ச்சாலையில் கால் வைக்காமலேயே மலைச்சரிவில் இருக்கும் மிட்-லெவல்ஸ் குடியிருப்புகள் வரை போய்விடலாம். படகுத்துறை அருகிலேயே நடைமேம்பாலம் தொடங்குகிறது. அது ஐஎஃப்சி வணிக வளாகத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. எக்ஸ்சேஞ்ச் ஸ்கொயரின் பேருந்து நிலையம் காலுக்குக் கீழே இரைந்துகொண்டிருக்க, மேலே பாதை நீள்கிறது. சாலைகளைத் தாண்டிப் பழைய சென்ட்ரல் மார்க்கெட் கட்டடத்தின் மாடிக்குள் புகுகிறது. அங்கிருந்து நகரும் படிக்கட்டுகளின் வரிசை. 1993-ல் திறக்கப்பட்ட அந்த வரிசை சுமார் 800 மீட்டர் நீண்டு, 135 மீட்டர் உயரம் ஏறுகிறது.

இந்த வழியில் நடப்பவர்கள் பெரும்பாலான நேரம் ஏதோ ஒரு கட்டடத்தின் முதல் மாடியிலோ இரண்டாம் மாடியிலோதான் நடக்கிறார்கள். கீழே பேருந்து, அதற்கும் கீழே மெட்ரோ, தலைக்கு மேலே அலுவலகங்கள். ஆடம் ஃப்ராம்ப்டன், ஜொனாதன் சாலமன், கிளாரா வாங் ஆகிய மூவரும் 2012-ல் இதற்கென்றே 'சிட்டீஸ் வித்தவுட் கிரவுண்ட்' என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். மேலிருந்து பார்த்து வரையும் வழக்கமான வரைபடம் இங்கே உதவாது என்பதால், நடைவழிகளைத் தனியே பிரித்தெடுத்துச் சாய்கோணத்தில் வரைந்தார்கள். மனிதர் பார்த்துப் புரிந்துகொள்ள அந்தப் படங்கள் போதும். கைப்பேசி வழிகாட்ட வேண்டுமென்றால் படம் போதாது. எது எதோடு சேர்கிறது, எந்த இடத்தில் சேர்கிறது, யாருக்குத் திறந்திருக்கிறது என்ற பட்டியல் வேண்டும்.

டிஜிட்டல் வரைபடம் என்று நாம் சொல்வது அடிப்படையில் அப்படி ஒரு பட்டியல்தான். திரையில் தெரியும் வண்ணப்படம் அந்தப் பட்டியலிலிருந்து அவ்வப்போது வரைந்து காட்டப்படுவது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள். தட்டையான ஊருக்கு இந்த இரண்டும் போதும். சென்ட்ரலில் அதே இரண்டு எண்களைக் கொடுத்து "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டால், மெட்ரோ நடைமேடை, பேருந்து நிலையம், நடைமேம்பாலம், துணிக்கடை, அலுவலகம் என்று ஐந்து பதில்கள் வரலாம். ஐந்துமே சரியான பதில்கள்.

மூன்றாவதாக உயரம் என்ற எண்ணையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. ஏன் என்று புரிந்துகொள்ள, கணினி வரைபடம் சாலைகளை எப்படிப் பதிவு செய்யத் தொடங்கியது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1967-ல் நியூ ஹேவன் நகரில் ஒரு சோதனை செய்தது. ஒவ்வொரு தெருத் துண்டுக்கும் நான்கு விவரங்கள்: எந்தச் சந்திப்பில் தொடங்குகிறது, எதில் முடிகிறது, இடப்பக்கம் எந்தப் பகுதி, வலப்பக்கம் எந்தப் பகுதி. டைம் என்று பெயரிடப்பட்ட இந்த முறையில் ஒரு பெரிய நன்மை இருந்தது. ஊர் முழுவதும் இடைவெளியோ ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதோ இல்லாமல் துண்டுகளாகப் பிரிந்திருப்பதால், எங்காவது தட்டச்சுப் பிழை இருந்தால் கணினியே கண்டுபிடித்துவிடும். இதற்கு ஒரு விதி காவல். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால், வெட்டும் இடத்தில் கட்டாயம் ஒரு கணு, அதாவது சந்திப்புப் புள்ளி, இருக்க வேண்டும். தலைகளை எண்ணுவதற்கு அது அருமையான விதி.

அந்த விதியை மேம்பாலத்தின் மீது வைத்துப் பாருங்கள். சென்னை கத்திபாராவில் ஒரு சாலை மேலே போகிறது, இன்னொன்று கீழே போகிறது. மேலிருந்து பார்த்தால் இரு கோடுகளும் வெட்டிக்கொள்கின்றன. விதிப்படி அங்கே கணு வைத்தால், பாலத்தின் நடுவில் இடப்பக்கம் திரும்பிக் கீழ்ச்சாலைக்குப் போகலாம் என்று கணினி புரிந்துகொள்ளும். பழைய முறையைக் கைவிட மனமில்லாதவர்கள், 'இந்தக் கணுவில் திரும்பக் கூடாது' என்று தடைப் பட்டியல் ஒன்றை ஒட்டினார்கள். வாகன வழிகாட்டிகளுக்குத் தரவு விற்ற நிறுவனங்கள் கணுக்களுக்கு 0, 1, 2 என்று மட்ட எண் கொடுத்தன. ஒரே இடத்தில் இருந்தாலும் மட்ட எண் வேறாக இருந்தால் சேராது என்று பொருள்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் இன்னும் எளிய வழியைப் பிடித்தது. 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் பிரிட்டனில் தொடங்கிய இந்தத் திறந்த வரைபடத்தில், இரண்டு கோடுகள் ஒரே கணுவைப் பகிர்ந்துகொண்டால்தான் அங்கே சந்திப்பு. பகிராமல் வெட்டிக்கொண்டால் அது வெறும் கடப்பு. எது மேலே, எது கீழே என்று சொல்ல அடுக்கு எண் இருக்கிறது. வழக்கமாக மைனஸ் 5 முதல் 5 வரை. புதிதாகப் பங்களிக்க வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த எண்ணில்தான். அடுக்கு 2 என்றால் இரண்டாம் மாடி என்றோ, பத்து மீட்டர் உயரம் என்றோ எண்ணிவிடுகிறார்கள். அது ஒப்பீடு மட்டுமே. இந்த இடத்தில் வெட்டிக்கொள்ளும் இரண்டில் எதை மேலே வரைய வேண்டும் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கத்திபாராவில் அடுக்கு 1 ஆக இருக்கும் பாலத்துக்கும் ஹாங்காங்கில் அடுக்கு 1 ஆக இருக்கும் பாலத்துக்கும் எந்த உறவும் இல்லை.

உண்மையான உயரத்தையே பதிந்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு பாலத்தின் உயரத்தை மீட்டரில் சொல்ல அளவைக் கருவி வேண்டும், அல்லது பொறியாளரின் வரைபடம் வேண்டும். எது எதற்கு மேலே போகிறது என்று சொல்ல, கண் இருந்தால் போதும். லட்சக்கணக்கான சாதாரண மக்கள் கைகொடுத்து உருவாகும் வரைபடத்துக்கு, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய உண்மையைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன்.

சாலையைவிட்டுக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே மாடி எண் இருக்கிறது. ஆனால் அது யாருடைய எண்? நம் ஊரிலும் ஹாங்காங்கிலும் தரைத்தளத்துக்கு மேலே இருப்பது முதல் மாடி. சீனப் பெருநிலத்திலும் ஜப்பானிலும் தரையில் இருப்பதே முதல் மாடி. ஹாங்காங்கில் நான்கு என்ற எண் ஆகாது என்று பல கட்டடங்களில் 4, 14 போன்ற மாடிகளே இருப்பதில்லை. சரிவில் கட்டிய வளாகத்தில் கீழ்த்தெரு வாசலில் நுழைபவருக்குத் தரைத்தளம் ஒன்று, மேல்தெரு வாசலில் நுழைபவருக்கு மூன்றாம் மாடியே தரை.

இதன் உச்சம் சீனாவின் சோங்சிங் நகரம். மலையும் ஆறும் நெருக்கும் அந்த ஊரில், லிசிபா என்ற நிலையத்தில் 2-ஆம் வழித்தட மோனோரயில் 19 மாடிக் கட்டடம் ஒன்றின் நடுவே புகுந்து போகிறது. 6 முதல் 8 வரையிலான மாடிகள் ரயிலுக்கு. அதற்கு மேலே மனிதர்கள் வசிக்கிறார்கள். அதே ஊரின் குய்சிங் கட்டடத்தில் ஒரு பக்கம் தரையிலிருந்து நுழைந்து 22-ஆவது மாடிக்கு ஏறி வெளியே வந்தால், அங்கேயும் சாலை, சதுக்கம், கடைகள். இந்த நகரத்தில் 'தரை' என்ற ஒரே மட்டத்தை வரைபடம் எங்கே வைக்கும்?

ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் வகுத்த உள்ளரங்கப் பதிவு முறை இதற்குத் தரும் விடை அடக்கமானது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதனதன் மாடி எண். தரைத்தளம் 0, இடைத்தளம் 0.5 ஆகவும் இருக்கலாம். லிஃப்ட் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத் தனியே, எழுத்தாகவே பதிந்துகொள்ளலாம். இரண்டு கட்டடங்களின் மாடி எண்களை ஒப்பிடக் கூடாது. ஒன்றின் இரண்டாம் மாடியிலிருந்து புறப்படும் பாலம் அடுத்ததன் நான்காம் மாடியில் முடிந்தால், அப்படியே இருக்கட்டும். பாலத்தின் இரு முனைகளும் சரியான கதவுகளில் ஒட்டியிருந்தால் போதும்.

டிபன் கேரியரின் கிண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தாலும் சாம்பார் கிண்ணத்திலிருந்து பொரியல் கிண்ணத்துக்கு வழி கிடையாது. அடுக்கு நகரமும் அப்படித்தான். மேலும் கீழும் மூன்றே மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே நடைவழி அரை கிலோமீட்டர் சுற்றாக இருக்கலாம். உயரத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த உண்மை அதில் கிடைக்காது. படிக்கட்டு எங்கே, லிஃப்ட் எங்கே, சாய்தளம் எங்கே, கதவு எங்கே என்பதில்தான் கிடைக்கும்.

உலக அளவில் புவித்தகவல் தரங்களை வகுக்கும் ஓஜிசி அமைப்பு 2014-ல் வெளியிட்ட இண்டோர்ஜிஎம்எல் தரம் இதை அழகாகப் பிடித்திருக்கிறது. அதன்படி ஒவ்வோர் அறையும் ஒரு புள்ளி; இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள கதவு அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோடு. பரப்பு புள்ளியாகச் சுருங்குகிறது, எல்லை கோடாக விரிகிறது. கணிதத்தில் இதற்கு வேர் பழையது. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை மட்டும் கடந்து சுற்றிவர முடியுமா என்ற புதிரை 1736-ல் ஆய்லர் தீர்த்தபோது செய்ததும் இதைத்தான். ஆற்றின் நடுவே இருந்த நிலப்பகுதிகள் எவ்வளவு பெரியவை, பாலங்கள் எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எது எதோடு சேர்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். இன்று விமான நிலையத்துக்குள் வழி சொல்லும் செயலி அந்தச் சிந்தனையின் நேரடி வாரிசு.

முப்பரிமாண நகர மாதிரிகளுக்கு இன்று பெரிய கவர்ச்சி இருக்கிறது. 2008-ல் வந்த சிட்டிஜிஎம்எல் தரத்தில் கட்டடங்களை விவர நிலைகளாகப் பிரித்து, சுவர், கூரை, ஜன்னல் வரை பதியலாம். வெள்ளம் எதுவரை ஏறும், நிழல் எங்கே விழும், சத்தம் எப்படிப் பரவும் என்று கணக்கிட அவை அவசியம். ஆனால் கண்ணாடி மினுமினுக்கும் கட்டட மாதிரியில் கதவு எது என்று குறிக்கப்படவில்லையென்றால், நடந்து போகிறவருக்கு அதனால் பயன் இல்லை.

இணைப்புகளின் பட்டியல் கையில் இருந்தால், அதில் குறுகிய வழியைத் தேடுவது பழகிய வேலை. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட முறையும் அதன் வழிவந்தவையும் நொடிக்குள் செய்துவிடும். ஒவ்வோர் இணைப்புக்கும் என்ன விலை வைப்பது என்பதில்தான் மனிதர் தீர்மானிக்க வேண்டியது இருக்கிறது. முப்பது படிகள் இளைஞருக்கு அரை நிமிடம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வழியே இல்லை. விலை நேரத்தோடும் மாறும். ஹாங்காங்கின் அந்த நகரும் படிக்கட்டு காலை 6 மணி முதல் சுமார் 10 மணி வரை கீழ்நோக்கி ஓடி, வேலைக்குப் போகிறவர்களை மலையிலிருந்து இறக்குகிறது. அதன்பின் நள்ளிரவு வரை மேல்நோக்கி ஓடுகிறது. அதனால் அதன் திசை காலத்தையும் சேர்த்து எழுதப்பட வேண்டிய விவரமாகிறது. வணிக வளாகம் வழியே போகும் பாதையென்றால் கதவு திறந்திருக்கும் நேரமும் அதோடு சேரும்.

வரைபடம் சரியாக இருந்தாலும், நாம் அதில் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று கைப்பேசிக்குத் தெரிய வேண்டுமே. சிகாகோவின் வாக்கர் டிரைவ் இதற்குப் புகழ்பெற்ற சோதனைக்களம். 1926-ல் திறக்கப்பட்ட அந்தச் சாலை இரண்டு தட்டு; ஒரு பகுதியில் மூன்று. மேல்தட்டில் வானம் தெரியும். கீழ்த்தட்டில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை எட்டாது. திறந்தவெளியில்கூட ஜிபிஎஸ் உயரத்தைக் கிடைமட்ட இடத்தைவிடக் குறைவான துல்லியத்தோடுதான் சொல்லும். பூமி குறுக்கே நிற்பதால் நமக்குக் கீழே இருக்கும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வருவதில்லை. எல்லாம் மேல்பக்கத்திலிருந்தே வருவதால் வரும் குறை இது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வந்து இன்னும் குழப்பும்.

எனவே செயலிகள் பழைய நடையை நினைவில் வைக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பால் நியூசன், ஜான் கிரம் 2009-ல் விளக்கிய முறையில், வந்து விழும் இடப்புள்ளிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்காமல், எந்தத் தொடர்ச்சியான பாதை அவற்றை நம்பத்தகுந்த வகையில் விளக்கும் என்று நிகழ்தகவால் தேடுவார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரு சாலைகளிலிருந்தும் புள்ளியின் தூரம் ஒன்றே. ஆகவே இந்த நொடியின் புள்ளி எதுவும் சொல்லாது. இரண்டு நிமிடத்துக்கு முன் சாய்தளத்தில் இறங்கினாரா இல்லையா என்பதே சொல்லும். அந்தச் சாய்தளம் தரவுத்தளத்தில் விட்டுப்போயிருந்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

காற்றழுத்தமானி இன்னொரு துணை. 2014-ல் வந்த ஐஃபோன் 6 உட்படப் பல கைப்பேசிகளில் அது இருக்கிறது. கடல்மட்டத்துக்கு அருகில் சுமார் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஒரு மாடி ஏறினால் 0.4-க்கும் சற்றுக் குறைவு. அதை உணரும் நுட்பம் அந்தச் சிறிய சில்லுக்கு உண்டு. ஆனால் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு. இடைவெளி சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். அழுத்தத்தை மட்டும் நம்பினால், மேசையில் அசையாமல் கிடக்கும் கைப்பேசி மாலைக்குள் எட்டு மாடி ஏறிவிட்டதாகக் கணக்கு வரும். அதனால் அருகில் உயரம் தெரிந்த இடம் ஒன்றின் அழுத்தத்தோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இது வசதிக்கான ஆராய்ச்சி மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2019-ல் ஒரு விதி கொண்டுவந்தது. கட்டடத்துக்குள்ளிருந்து கைப்பேசியில் வரும் 911 அவசர அழைப்புகளில் 80 சதவீதத்துக்கு, அழைப்பவரின் உயரம் மூன்று மீட்டர் பிழைக்குள் தெரிய வேண்டும் என்றது. உயரம் மீட்டரில் கிடைத்துவிடலாம். ஆம்புலன்ஸில் வருபவருக்குத் தேவை மாடி எண். 41 மீட்டர் என்பது எந்தக் கட்டடத்தில் எத்தனையாவது மாடி என்று மாற்றிச் சொல்ல, அந்தக் கட்டடத்தின் உட்தரவு வேண்டும். பெரும்பாலான நகரங்களில் அது யாரிடமும் முழுமையாக இல்லை. கட்டடம் கட்டியவரிடம் கொஞ்சம், தீயணைப்புத் துறைக்குக் கொடுத்த வரைபடத்தில் கொஞ்சம், நிர்வாக அலுவலகத்தின் அலமாரியில் கொஞ்சம்.

தரவு இப்படிச் சிதறிக் கிடப்பதில் அதிகம் பாதிக்கப்படுவது லிஃப்டைப் பற்றிய தகவல். ஹாங்காங் பல்கலைக்கழக மெட்ரோ நிலையம் 2014 டிசம்பரில் திறந்தது. மலைக்குள், தரைக்கு சுமார் 70 மீட்டர் கீழே இருக்கிறது. அதன் சில வாயில்களுக்கு லிஃப்ட்தான் வழி. தட்டை வரைபடத்தில் அந்த லிஃப்டின் நீளம் பூஜ்யம். ஒரு புள்ளி, அவ்வளவே. வரைபடம் வரைகிறவர் கண்ணுக்கு அது சிறிய குறி. அந்த வழியை நம்பியிருப்பவருக்கு இருபது மாடிக்குச் சமமான ஏற்றம். நீளம் இல்லாததால் கவனத்திலிருந்தும் தப்பிவிடும் இந்தப் புள்ளிகளே அடுக்கு நகரத்தின் முக்கியமான சாலைகள் என்பேன்.

ஹாங்காங் இதை உணர்ந்து செயல்பட்டிருக்கிறது. நடைமேம்பாலங்களுக்கும் சுரங்க நடைபாதைகளுக்கும் லிஃப்ட் பொருத்தும் திட்டத்தை 2012-ல் விரிவாக்கியது. அந்நகரின் நிலத் துறை, பாலம், சுரங்கம், படி, சாய்தளம், லிஃப்ட் எல்லாவற்றையும் இணைத்த முப்பரிமாண நடைவழி வலைப்பின்னலை உருவாக்கி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. தனியார் வளாகங்களின் வழியே பொதுமக்கள் தினமும் நடக்கிறார்கள் என்றால், அந்த வழியின் தரவும் பொதுச்சொத்தாக இருப்பதே முறை.

சென்னையும் இப்போது அடுக்கு நகரம்தான். சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் நிலத்துக்கடியில் இரண்டு வழித்தடங்கள் இரு மட்டங்களில் ஓடுகின்றன. ஆலந்தூரில் அதேபோல ஒன்றன்மேல் ஒன்றாக உயர்நிலை நடைமேடைகள். எந்த வாயிலில் லிஃப்ட் இருக்கிறது என்று தெரியாமல் முதியவர்கள் சாலையின் தவறான பக்கத்தில் வெளியேறுவதும், மூட்டுவலியோடு படியேறித் திரும்புவதும் நடக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. கருவிகள் எதுவும் வேண்டாம். அடுத்த முறை ஒரு நிலையத்தையோ நடைமேம்பாலத்தையோ கடக்கும்போது, லிஃப்ட் எந்த வாயிலில் இருக்கிறது, எந்தெந்தத் தளத்தில் நிற்கிறது, எத்தனை படிகள், சாய்தளம் உண்டா என்று கவனித்து, வீட்டுக்கு வந்ததும் பதிந்துவிடுங்கள்.